அடையாள அட்டையில் ஒரு பெயர், சட்டையில் ஒரு பெயர்: கிடங்கில் அடிபட்டால் யாரைக் கேட்பது?

ஒரகடத்தான் (இழையைத் தொடங்கியவர்)
3 டிசம்பர் 2025, இரவு 9.40

என் அக்கா மகனுக்கு வயது 24. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு, பிப்ரவரியில் எங்கள் ஊர்ப் பக்கம் இருக்கும் ஓர் ஆன்லைன் வியாபாரக் கிடங்கில் சேர்ந்தான். எந்த நிறுவனம் என்று எழுதப்போவதில்லை, தயவுசெய்து கேட்காதீர்கள். தீபாவளித் தள்ளுபடி விற்பனை நடந்த அக்டோபர் முதல் வாரத்தில், இரவு ஷிப்டில், ரேக்கின் கீழ்த்தட்டில் இருந்த கிரைண்டர் பெட்டியைக் குனிந்து இழுத்தபோது இடுப்பில் ஏதோ அறுந்ததுபோல் இருந்ததாம். முதலுதவி அறையில் ஸ்பிரே அடித்து, ஒரு மாத்திரை கொடுத்து, இருபது நிமிடம் உட்காரவைத்துவிட்டு, திரும்பவும் ஸ்கேனரைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இவனும் பல்லைக் கடித்துக்கொண்டு விடியும்வரை வேலை செய்திருக்கிறான். மூன்றாம் நாள் இடது கால் மரத்துவிட்டது. முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று ஸ்கேன் சொல்கிறது. இரண்டு மாதமாக வீட்டில் படுத்திருக்கிறான்.

கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் ஒரு நிறுவனத்தின் பெயர். போட்டிருக்கும் சட்டையில் இன்னொன்று. வங்கிக் கணக்கில் சம்பளம் விழும்போது மூன்றாவதாக ஒரு பெயர். கேட்டில் போய்க் கேட்டால் காண்ட்ராக்டரைப் பார்க்கச் சொல்கிறார்கள். காண்ட்ராக்டரோ, "ஆள் அனுப்புவதோடு எங்கள் வேலை முடிந்தது, வேலை வாங்குவது அவர்கள்" என்கிறார்.

சட்டப்படி இவனுடைய முதலாளி யார்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன்.

கருப்புக் கோட்டு
3 டிசம்பர், இரவு 10.25

ஐயா, முதலாளி யார் என்பதை அப்புறம் பார்க்கலாம். இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டு எண் இருக்கிறதா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இருந்தாக வேண்டும். அடுத்து, மருத்துவமனைச் சீட்டில் எப்படி அடிபட்டது என்று எழுதியிருக்கிறார்கள்? இதை இன்றைக்கே பாருங்கள். துணைக்கு வரும் காண்ட்ராக்டரின் ஆள் பக்கத்தில் நின்றுகொண்டு "வீட்டில் குளியலறையில் வழுக்கிவிட்டது" என்று சொல்லிவிடுவார். வலியில் இருப்பவன் தலையாட்டிவிடுவான். பாதி வழக்குகள் அந்த ஒற்றை வரியில்தான் சாகின்றன.

விபத்து அக்டோபரில் நடந்திருக்கிறது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தது நவம்பர் 21. ஆகவே உங்களுக்குப் பழைய சட்டங்கள்தான். மூன்று பெயர் விளையாட்டை 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டமே எதிர்பார்த்திருக்கிறது: ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சேர்த்து முதலில் பங்களிப்பைக் கட்ட வேண்டியவர் முதன்மை முதலாளி, அதாவது இடத்தைத் தன் கையில் வைத்து வேலை நடத்துபவர். கட்டியதைக் காண்ட்ராக்டரின் பில்லில் அவர் பிடித்துக்கொள்ளலாம். வேலை நேரத்தில் நடந்த விபத்து வேலையால் நடந்ததாகவே கருதப்படும். இல்லையென்று காட்டுவது எதிர்த்தரப்பின் பாடு. வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் கிடைக்கும்.

கசப்பான செய்தியையும் சொல்லிவிடுகிறேன். இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் அதே காயத்துக்காக முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க 53ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது.

இன்சார்ஜாக இருந்தவன்
3 டிசம்பர், இரவு 11.50

நான் நான்கு வருடம் இப்படி ஒரு கிடங்கில் ஷிப்ட் இன்சார்ஜாக இருந்தேன். என்னைத் திட்டுவீர்கள் என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

இருபது கிலோ பெட்டியில் "இருவர் தூக்கவும்" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கனமான சரக்கை இடுப்பு உயரத் தட்டில்தான் வைக்க வேண்டும் என்பது எங்களுக்கும் பாடம். விற்பனைத் திருவிழா தொடங்கியதும் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், எந்தத் தட்டு காலியோ அங்கே திணிப்போம். இரண்டாவது ஆளைக் கூப்பிட்டால் அவனுடைய எண்ணிக்கை குறையும், கூப்பிட்டவனுடையதும் குறையும். அதனால் யாரும் கூப்பிட மாட்டார்கள். இரண்டு பொருள்களுக்கு நடுவே ஸ்கேனர் சும்மா இருந்த நேரம் என் திரையில் சிவப்பாக வரும். சிறுநீர் கழிக்கப் போனாலும் சிவப்புதான், தலைசுற்றி உட்கார்ந்தாலும் சிவப்புதான். சிவப்பு அதிகமானால், நாளை முதல் இந்த ஆள் வேண்டாம் என்று காண்ட்ராக்டருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போகும். வேலையை விட்டு நீக்கிய கணக்கே வராது. அவனை நாங்கள் வேலைக்கே வைக்கவில்லையே!

என் தலைக்கு மேலும் ஒரு திரை உண்டு. அதில் என் ஷிப்ட் மொத்தமும் ஒரே எண்ணாகத் தெரியும்.

நாச்சியார்கோயில் வியாபாரி
4 டிசம்பர், காலை 7.15

பையன் குணமாகட்டும். ஆனால் எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்கிறீர்கள். நான் குத்துவிளக்கு விற்கிறவன். இந்த ஆன்லைன் கிடங்குகள் இல்லாவிட்டால் என் சரக்கு கும்பகோணத்தைத் தாண்டாது. கோயம்பேட்டில் முதுகில் மூட்டை சுமக்கிறவருக்கு எந்தச் சட்டம், எந்த விதி? அவர் இடுப்பைப் பற்றி யாராவது இழை தொடங்கினீர்களா? இங்கே குறைந்தபட்சம் பி.எஃப். இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, கேன்டீன் இருக்கிறது. பெரிய நிறுவனம் என்றாலே பாய்வது நமக்கு ஒரு பழக்கம்.

ஒரகடத்தான்
4 டிசம்பர், காலை 8.05

அண்ணா, கோயம்பேட்டுக்காரர் மூட்டைக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு தூக்குகிறார். களைத்தால் மூட்டைமேலேயே உட்கார்ந்து டீ குடிப்பார், யாரும் நிமிடம் எண்ணுவதில்லை. அவர்களுக்கென்று 1982இல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது, நல வாரியமும் இருக்கிறது. போதாதுதான், மறுக்கவில்லை. என் மருமகன் நிற்பதும் நடப்பதும் இன்னொருவர் வைத்த கடிகாரத்தின்படி. கடிகாரத்தை வைத்தவர் மட்டும் கண்ணில் படுவதில்லை.

மருத்துவமனைச் சீட்டைப் பார்த்தேன். "கனமான பொருளைத் தூக்கியபோது" என்று இருக்கிறது. எங்கே என்று இல்லை.

குருகிராமத் தமிழன்
4 டிசம்பர், காலை 9.30

இங்கே பக்கத்தில் மானேசரில் நடந்ததை இழையில் சேர்த்துவிடுகிறேன். 2024 மே மாதம், வெயில் 45 டிகிரியைத் தாண்டிய நேரம். அமேசான் கிடங்கில் 24 அடி லாரிகள் ஆறில் இருந்து சரக்கை இறக்கி முடிக்கும்வரை கழிப்பறைக்கோ தண்ணீர் குடிக்கவோ போக மாட்டோம் என்று தொழிலாளர்களை உறுதிமொழி எடுக்க வைத்ததாகச் செய்தி வந்தது. பள்ளிக்கூடத்தில் காலை வணக்கத்துக்குப் பிறகு எடுப்போமே, அதுபோல வரிசையில் நிற்கவைத்து! தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்து, மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. தனிப்பட்ட ஒரு சம்பவம், வருந்தத்தக்கது என்று நிறுவனம் சொன்னது.

எனக்கு அந்த உறுதிமொழியை விட ஒன்று உறுத்தியது. கழிப்பறைக்கு விடு என்று கேட்க ஓர் ஆணையம் டெல்லியில் இருந்து எழுத வேண்டியிருக்கிறது. உள்ளூர்த் தொழிலாளர் ஆய்வாளர் என்று ஒருவர் இருக்கிறாரே, அவர் அந்தக் கேட்டைத் தாண்டி எத்தனை முறை போயிருப்பார்?

மல்லிகைப்பூ இட்லி
4 டிசம்பர், காலை 10.10

நாளைக்கே வேண்டும் என்று பட்டனை அழுத்துகிற நாம்தான் குற்றவாளிகள். நான் இன்றைக்கே என் கணக்கை மூடிவிட்டேன்.

இன்சார்ஜாக இருந்தவன்
4 டிசம்பர், காலை 10.22

மூடுங்கள் அம்மா, தப்பில்லை. ஆனால் நீங்கள் ஆர்டர் செய்த சீப்பு நாளைக்கு வராவிட்டால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்பது எங்களுக்கும் தெரியும். நாளைக்கு என்று விளம்பரம் செய்தது நீங்களில்லை.

எடிசன் வாசி
4 டிசம்பர், மாலை 6.45

நியூ ஜெர்சியில் இருந்து. இந்தியாவில் சட்டம் வலுவில்லை, அமெரிக்காவில் எல்லாம் ஒழுங்கு என்று யாராவது நினைத்தால் கொஞ்சம் பொறுங்கள்.

2021 டிசம்பர் 10. இலினாய் மாநிலம் எட்வர்ட்ஸ்வில். சூறாவளிச் சுழல் ஒன்று அமேசானின் டெலிவரி நிலையத்தின் மேல் இறங்கியது. கான்கிரீட் சுவர்கள் விழுந்து 6 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் சட்டப்படி அமேசான் ஊழியர்களே இல்லை, டெலிவரி ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள். மூன்று பெயர் விளையாட்டு அங்கேயும் உண்டு, ஐயா. எச்சரிக்கை சொல்ல வைத்திருந்த ஒலிபெருக்கி ஒரு கூண்டுக்குள் பூட்டிக் கிடந்தது. அந்தக் கிடங்கில் ஒதுங்க வேண்டிய இடம் எது என்று சிலருக்கு நினைவில்லை. தென்பக்கக் கழிப்பறையில் போய் ஒளிந்துகொண்டார்கள். அவசரகாலத் திட்டத்தைப் புரட்டினால் அதில் கடற்புயலுக்கான வழிமுறைகளும் இருந்தன. இலினாயில் கடலே கிடையாது! எங்கோ எழுதியதை எல்லாக் கிடங்குக்கும் நகலெடுத்திருக்கிறார்கள். இவ்வளவையும் கண்டுபிடித்த மத்தியப் பணிப் பாதுகாப்புத் துறை, ஓஷா, 2022 ஏப்ரலில் என்ன செய்தது? எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது. ஒரு டாலர் அபராதம் இல்லை. மீறப்பட்டதாகச் சுட்ட ஒரு குறிப்பிட்ட விதி இருக்கவில்லை.

தூக்குவதாலும் திரும்பத் திரும்பக் குனிவதாலும் வரும் காயங்களுக்கு இங்கே தனி மத்திய விதியே இல்லை. ஆபத்தில்லாத வேலையிடம் தர வேண்டும் என்று 1970ஆம் ஆண்டுப் பணிப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கும் பொதுக் கடமைப் பிரிவை வைத்துத்தான் 2023இல் அமேசானின் பல கிடங்குகள்மேல் நடவடிக்கை எடுத்தார்கள். 2024 டிசம்பரில் சமரசமானது. அபராதம் 1,45,000 டாலர். அந்த ஆண்டு நிறுவனத்தின் மொத்த வருவாய் ஏறக்குறைய 63,800 கோடி டாலர். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஏழு வினாடி வருவாய்.

நாச்சியார்கோயில் வியாபாரி
4 டிசம்பர், இரவு 7.30

வருவாய் வேறு, லாபம் வேறு. கடை வைத்திருப்பவனுக்குத்தான் இந்த வித்தியாசம் தெரியும்.

எடிசன் வாசி
4 டிசம்பர், இரவு 7.52

ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆண்டின் நிகர லாபம் சுமார் 5,920 கோடி டாலர். அப்படிப் பார்த்தால் ஒன்றேகால் நிமிடம். திருத்திக்கொள்கிறேன்.

அதே சமரசத்தில் எல்லாக் கிடங்குகளுக்கும் உடல் நோவைக் குறைக்கும் ஏற்பாடுகள் என்று நிபந்தனைகளும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் தவறு. அதே மாதம் பெர்னி சாண்டர்ஸ் தலைமையிலான செனட் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. 2023இல் இந்த நிறுவனத்தின் கிடங்குகளில் பதிவான காயங்கள், கிடங்குத் துறையின் சராசரியை விட 30 சதவீதத்துக்கும் மேல் அதிகம் என்றது. வேகத்துக்கும் காயத்துக்கும் உள்ள தொடர்பை நிறுவனத்தின் சொந்த ஆய்வுகளே காட்டியிருந்தன, நிர்வாகம் அவற்றின்படி வேகத்தைக் குறைக்கவில்லை என்பதுதான் அறிக்கையின் முக்கியக் குற்றச்சாட்டு. அந்த ஆய்வுகளில் குறை இருந்தது, அறிக்கை தவறாகச் சித்திரிக்கிறது என்று நிறுவனம் மறுத்தது.

மாநிலங்கள் வேறு வழி பிடித்தன. கலிஃபோர்னியாவில் 2022 முதல் ஒரு சட்டம்: ஒரு மணி நேரத்தில் இத்தனை எடுக்க வேண்டும் என்று இலக்கு வைத்தால் அதை எழுத்தில் கொடு; சாப்பாட்டு நேரத்தையும் கழிப்பறையையும் தின்கிற இலக்கு செல்லாது. 2024இல் மொரேனோ வேலி, ரெட்லண்ட்ஸ் கிடங்குகள் இரண்டில் 59,017 மீறல்கள் என்று எண்ணி, 59 லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள். நிலையான இலக்கே எங்களிடம் இல்லை என்பது நிறுவனத்தின் பதில்.

கருப்புக் கோட்டு
4 டிசம்பர், இரவு 9.05

"இலக்கை எழுத்தில் கொடு." எவ்வளவு எளிமையான வரி! நம் சட்டத்தில் இது எங்கேயும் இல்லை.

உட்கார நாற்காலி கொடு என்பது இருக்கிறது. விபத்து நடந்தபோது நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு அதுதான். காயம் வரும் அளவு கனத்தைத் தூக்க வைக்காதே என்பது 34ஆம் பிரிவு. கிடங்கு தொழிற்சாலையா என்று உடனே வாதம் வரும். விற்பனைக்காகவோ அனுப்புவதற்காகவோ பொருளைப் பேக்கிங் செய்வதையும் அந்தச் சட்டத்தின் உற்பத்தி வரையறை உள்ளடக்கியிருந்தது. நல்ல வாதத்துக்கு இடம் இருக்கிறது. தொழிற்சாலை இல்லை, வணிக நிறுவனம்தான் என்றாலும் 2021இல் தமிழ்நாடு கொண்டுவந்த அமரும் உரிமைத் திருத்தம் பொருந்தும். எந்த வாசலில் போனாலும் ஒரு நாற்காலி உண்டு. அதில் உட்கார்ந்தால் சிவப்பு எரியும் என்பதைத்தான் எந்தச் சட்டமும் யோசிக்கவில்லை.

லா ஷப்பேல்
5 டிசம்பர், அதிகாலை 2.20

பாரிஸில் இருந்து எழுதுகிறேன். அந்தச் சிவப்பைப் பற்றி இங்கே யோசித்தார்கள்.

பிரான்சின் தனிமனிதத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 டிசம்பர் இறுதியில் அமேசானின் பிரெஞ்சுக் கிடங்கு நிறுவனத்துக்கு 3.2 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஸ்கேனர் 10 நிமிடத்துக்கு மேல் சும்மா இருந்தால் ஒரு குறியீடு, அதற்குக் குறைவாகச் சும்மா இருந்தால் இன்னொரு குறியீடு. இவற்றோடு மூன்றாவது ஒன்று: முந்தைய பொருளை ஸ்கேன் செய்து 1.25 வினாடிக்குள் அடுத்ததை ஸ்கேன் செய்தால் அதுவும் பிழை, அதற்கு வைத்திருந்த பெயர் 'இயந்திரத் துப்பாக்கி'. மெதுவாகப் போனாலும் தவறு, வேகமாகப் போனாலும் தவறு. ஒருவன் ஒவ்வொரு இடைவெளிக்கும் காரணம் சொல்ல வேண்டிய நிலையை உண்டாக்குவதே அத்துமீறல் என்றது ஆணையம். நிறுவனம் இதை எதிர்த்தது.

அதைவிட 2020 ஏப்ரல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கொரோனா உச்சத்தில் இருந்தபோது ஒரு தொழிற்சங்கம் நாந்தேர் நீதிமன்றத்துக்குப் போனது. தொழிலாளர் பிரதிநிதிகளோடு சேர்ந்து ஆபத்தை மதிப்பிட்டு முடிக்கும்வரை உணவு, மருந்து, சுகாதாரப் பொருள்களை மட்டும் அனுப்பலாம், மீறினால் நாளுக்கு 10 லட்சம் யூரோ என்று தீர்ப்பு. நிறுவனம் நாட்டில் இருந்த ஆறு கிடங்குகளையும் மூடிவிட்டது. மே மாதம் சங்கங்களோடு உடன்பாடு வந்த பிறகுதான் திறந்தார்கள். எடிசன் வாசி அண்ணா, உங்கள் ஏழு வினாடிக் கணக்கைப் படித்தபோது இதைத்தான் நினைத்தேன். நடந்து முடிந்ததற்கு விலை போட்டால் அவர்கள் கட்டிவிட்டுப் போவார்கள். சரக்கு நகராமல் நின்றால்தான் பேச வருகிறார்கள்.

ஸ்கார்பரோ
5 டிசம்பர், காலை 7.40

பேச வராமல் போய்விடவும் செய்வார்கள் அண்ணை. கனடாவில் கியூபெக் மாகாணத்தில் அமேசானின் லாவல் கிடங்கில் 2024இல் சங்கம் அமைந்தது. 2025 ஜனவரியில் அந்த மாகாணத்தில் இருந்த ஏழு இடங்களையும் மூடுவதாக அறிவித்தார்கள், 1,700க்கும் மேற்பட்டோருக்கு வேலை போனது. செலவைக் குறைக்கத்தான், சங்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். எங்கள் சனம் நிறையப் பேர் இங்கே ஏஜென்சி மூலம் கிடங்கு வேலைக்குப் போகிறார்கள். இந்தச் செய்திக்குப் பிறகு சங்கம் என்று வாயெடுக்கவே பயம்.

குருகிராமத் தமிழன்
5 டிசம்பர், காலை 9.15

கருப்புக் கோட்டு ஐயா, நவம்பர் 21க்குப் பிறகு அடிபடுகிறவனுக்கு என்ன மாறியிருக்கிறது? ஒரு பக்கம் புரட்சி என்கிறார்கள், இன்னொரு பக்கம் அடிமைச் சாசனம் என்கிறார்கள்.

கருப்புக் கோட்டு
5 டிசம்பர், மதியம் 1.30

இரண்டும் மேடைப் பேச்சு. நான் படித்தவரை சொல்கிறேன்.

பணிப் பாதுகாப்புத் தொகுப்பின்படி, விதிமீறலால் மரணம் நேர்ந்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். பலத்த காயம் என்றால் ஓராண்டு வரை சிறை, அல்லது 2 முதல் 4 லட்சம் அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையைப் பாதிக்கப்பட்டவருக்கோ குடும்பத்துக்கோ கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். இது நல்ல மாற்றம். இன்னொன்றும் நல்லதே: கழிப்பறை, குடிநீர், கேன்டீன் போன்ற வசதிகளை ஒப்பந்தத் தொழிலாளிக்கும் முதன்மை முதலாளியே செய்துதர வேண்டும். முன்பு முதலில் காண்ட்ராக்டரின் பொறுப்பு, அவர் செய்யாவிட்டால்தான் இவர்.

மறுபக்கம், 20 பேர் இருந்தாலே பொருந்திய ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் இனி 50 பேர் இருந்தால்தான். ஆளை 45, 45 என்று நான்கு காண்ட்ராக்டர்களுக்குப் பிரித்து, காண்ட்ராக்டர் ஒவ்வொருவரும் வரம்புக்குக் கீழே நின்றுகொண்டால்? யோசிக்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மையப் பணியில் ஒப்பந்தத் தொழிலாளர் கூடாது என்கிறது தொகுப்பு. ஏற்றி இறக்குவது மையப் பணி ஆகாது, ஆனால் அந்த வேலைக்காகவே அமைந்த நிறுவனத்தில் ஆகும். கிடங்கு வேறு எதற்காக அமைந்தது? இங்கே நான் துள்ளிக் குதித்தேன். அடுத்த பத்தியில் விதிவிலக்கு: திடீரென வேலை அதிகமானால் ஒப்பந்த ஆளை வைக்கலாம். தீபாவளி வருடா வருடம் திடீரென்றுதான் வருகிறது போலும்.

ஒரகடத்தான்
9 டிசம்பர், இரவு 8.50

இ.எஸ்.ஐ. எண் இருக்கிறது. எட்டு மாதத்தில் ஐந்து மாதத்துக்குத்தான் பணம் கட்டியிருக்கிறார்கள். கிளை அலுவலகத்தில் இருந்த அம்மா நன்றாகப் பேசினார், விபத்து அறிக்கை எதுவும் வரவில்லை என்று திரையைத் திருப்பியே காட்டினார்.

நேற்று காண்ட்ராக்டரின் ஆள் ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். 15,000 ரூபாய் கொடுத்து, ஆங்கிலத்தில் ஒரு தாளை நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார். அக்கா பேனாவை எடுத்துவிட்டாள். மாமா வேலை முடிந்து வரட்டும் என்று பையன்தான் தடுத்திருக்கிறான். அன்று அந்தக் கிடங்கில் வேலையே செய்யவில்லை என்று அவர்கள் சொன்னால் என்ன செய்வது?

கருப்புக் கோட்டு
9 டிசம்பர், இரவு 9.10

கையெழுத்து வேண்டாம். அந்தத் தாளைப் படம் எடுத்து எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். சட்டம் தரும் இழப்பீட்டை எழுதிக்கொடுத்து இழக்க முடியாது, ஆனால் போட்ட கையெழுத்தை விளக்கியே இரண்டு வருடம் போய்விடும்.

இன்சார்ஜாக இருந்தவன்
9 டிசம்பர், இரவு 9.34

வேலையே செய்யவில்லை என்று சொல்ல முடியாது ஐயா. அவன் லாகின் எண்ணில் அந்த இரவு எத்தனை மணிக்கு எந்த ரேக்கில் எதை எடுத்தான் என்பது வினாடிக் கணக்கில் பதிவாகியிருக்கும். அந்தக் கிரைண்டரும் இருக்கும். அதற்கு அடுத்த இருபது நிமிடச் சிவப்பும் இருக்கும். ஸ்கேனர் பதிவையும் முதலுதவி அறைப் பதிவேட்டையும் அழிக்கக் கூடாது என்று நோட்டீஸில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் இடத்தில் அந்தப் பதிவை நான் தினமும் பார்த்தேன், ஒரு நாளும் ஒரு தொழிலாளிக்காகப் பார்த்ததில்லை.

ஒரகடத்தான்
19 டிசம்பர், மாலை 5.15

மூன்று பெயர்களுக்கும் ஐயா எழுதித் தந்த நோட்டீஸை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினோம். காண்ட்ராக்டர் வாங்கிக்கொண்டார். சட்டையில் இருந்த பெயர்க்காரர்கள் பெங்களூரில் வாங்கிக்கொண்டார்கள். கிடங்கின் முகவரிக்குப் போனது, அந்தப் பெயரில் இங்கே அலுவலகம் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. பெயர்ப் பலகை சாலையில் இருந்தே தெரியும்.

கருப்புக் கோட்டு
19 டிசம்பர், மாலை 5.40

திரும்பி வந்த உறையைப் பிரித்துவிடாதீர்கள். அப்படியே பத்திரமாக வைத்திருங்கள். நாளைக்குப் பகல் வெளிச்சத்தில் அந்தப் பெயர்ப் பலகையை, எதிரே பஸ் நிறுத்தமும் தெரிகிற மாதிரி, ஒரு படம் எடுத்து வாருங்கள்.